கொழுப்புக் கட்டி: பயப்படவும் வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம்

(லாஸ்பேட்டையில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு பற்றியெல்லாம் நம் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று ஒரு சின்ன விஷயம். தோலுக்கு அடியில் வரும் கட்டி. முதுகில், கழுத்தின் பின்புறம், காதோரம், கன்னத்தில், தலைமுடிக்குள் என்று நம்மில் பல பேருக்கு ஒன்றாவது இருக்கும். சட்டை போட்டால் மறைந்துவிடும், முக்காடு போட்டால் தெரியாது. அதனால் வருடக்கணக்கில் யாரும் பேசுவதில்லை.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் ஒரு கூட்டம்? மருத்துவ உதவி கேட்டு எங்களிடம் வருபவர்களில் இரண்டு விதமானவர்களைப் பார்க்கிறோம். ஒரு சாரார், கட்டி என்றாலே புற்றுநோய் என்று எண்ணி, மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள். டாக்டரிடம் போனால் கெட்ட செய்தி வந்துவிடுமோ என்ற பயத்தில் போகவே மாட்டார்கள். இன்னொரு சாரார், இது ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே ஊசியைச் சுட்டுக் குத்துகிறவர்கள், சுண்ணாம்பு குழைத்துப் போடுகிறவர்கள், படிப்பில்லாத யாரிடமாவது போய்க் கீறிக்கொள்கிறவர்கள். சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர் முதுகில் இருந்த கட்டியை வீட்டார் பிதுக்கியதில், அது உள்ளங்கை அகலத்துக்குச் சீழ் வைத்து, வாரக்கணக்கில் தினமும் கட்டு மாற்ற வேண்டி வந்தது. நல்ல நிலையில் இருந்தபோது எடுத்திருந்தால் அரை மணி நேர வேலை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இந்தச் சிறு அறுவைக்குத் தனியாரிடம் பெரிய தொகை கேட்டார்கள் என்று கடன் வாங்கிவிட்டு, பிறகு எங்களிடம் வரும் குடும்பங்கள். ஸகாத் பணம் நம்மிடம் இருக்கும் அமானிதம். டயாலிசிஸுக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் போக வேண்டிய பணம் அது. நம் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள அரசு மருத்துவமனைகளில் செய்துகொள்ளக் கூடிய ஒன்றுக்கு யாரும் கடன்பட வேண்டியதில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

கட்டிக்குள் இருப்பது என்ன?

நாம் எல்லாவற்றையும் கொழுப்புக் கட்டி என்று ஒரே பெயரில் சொல்கிறோம். டாக்டர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, உண்மையிலேயே கொழுப்பால் ஆனது. பெயர் லைப்போமா. தொட்டால் மெத்தென்று இருக்கும், விரலுக்கு அடியில் நழுவும், அதன் மேல் உள்ள தோலில் எந்த அடையாளமும் இருக்காது.

இரண்டாவதுதான் இன்றைய பேச்சு. இதற்கு சிஸ்ட் என்று பெயர். இது ஒரு சிறு பை. தோலின் மேல் அடுக்கில் உள்ள செல்கள் எப்படியோ உள்ளே மாட்டிக்கொண்டு, அங்கே ஒரு பைபோல வளர்ந்துவிடுகின்றன. மேல்தோல் தினமும் உதிர்ந்து வெளியே போகும். பைக்குள் உதிர்வது எங்கே போகும்? உள்ளேயே சேரும். நகத்திலும் முடியிலும் இருக்கிற கேரட்டின் என்ற புரதம்தான் அது. வெளியே வந்தால் பாலாடைக்கட்டி போல வெள்ளையாக, கெட்ட வாடையோடு இருக்கும். ஆக, இதில் கொழுப்பே பெரும்பாலும் இல்லை. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால் வந்தது என்று சொல்வது தவறு. குளிக்காததால் வந்தது என்பதும் தவறு.

பல சிஸ்ட்களின் நடுவில் ஒரு சிறு கரும்புள்ளி தெரியும். தோலோடு பை ஒட்டியிருக்கும் வாய் அது. தலையில் வருபவற்றில் பெரும்பாலும் இந்தப் புள்ளி இருக்காது; அவை சில குடும்பங்களில் அத்தாவுக்கு, பிறகு பிள்ளைக்கு என்று தொடர்ந்து வருவதும் உண்டு. இந்த வகைக் கட்டிகள் மிக மிக அபூர்வமாகத்தான் புற்றுநோயாக மாறும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

இதில் நாம் மனதில் வைக்க வேண்டிய ஒரே ஒரு சொல், பை. உள்ளே உள்ளதைப் பிதுக்கி எடுத்தால் கட்டி சுருங்கும், போய்விட்டது என்று நினைப்போம். பை அங்கேயே இருப்பதால் மறுபடி நிரம்பும். பிதுக்கும்போது பை உள்ளுக்குள் கிழிந்தால், உள்ளே இருந்தது சதைக்குள் சிதறி, அந்த இடம் சிவந்து வீங்கி நெருப்பாக எரியும். அதன் பிறகு பை சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். டாக்டருக்கும் அதைச் சுத்தமாக எடுப்பது சிரமமாகும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம்

ஸ்பெயினின் குர்துபா நகரத்தை ஒட்டிய மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்த அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவி என்ற அறுவை மருத்துவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் இறந்தது 1013-ஆம் ஆண்டு வாக்கில். 'அத்-தஸ்ரீஃப்' என்ற 30 பாகம் கொண்ட மருத்துவ நூலை எழுதினார். கடைசிப் பாகம் முழுக்க அறுவை சிகிச்சை. கருவிகளைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். தலையில் வரும் இந்தக் கட்டிகளைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். அவை உறைக்குள் இருப்பவை, அந்த உறையோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. இன்றைக்கு ஜிப்மரில் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதும் அதே அடிப்படைதான்.

அன்றைக்கு இல்லாதது, வலி தெரியாமல் செய்யும் மருந்தும் கிருமி பற்றிய அறிவும். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜுக்குத் தலையில் இப்படி ஒரு கட்டி. ஆஸ்ட்லி கூப்பர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அதை எடுத்தார். பெரிய பெரிய அறுவைகளைத் துணிந்து செய்தவர், இந்தச் சின்னக் கட்டிக்குத் தயங்கினார். காரணம், அந்தக் காலத்தில் தலைக் காயத்தில் கிருமி ஏறினால் ராஜாவானாலும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. நல்லபடியாக முடிந்தது, 1821-இல் அவருக்கு மன்னர் பட்டம் கொடுத்தார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியின் வழியில் வந்ததுதான் 1964-இல் உருவான ஜிப்மர். லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தை 1943-இல் சுவீடனில் கண்டுபிடித்தார்கள். ஒரு மன்னருக்கு உயிர்ப் பயத்தோடு செய்த அறுவையை, இன்று ஒரு ஆட்டோ ஓட்டுநரோ தையல் வேலை செய்யும் சகோதரியோ செய்துகொண்டு, அன்று மாலையே வீட்டுக்குத் திரும்பலாம். நம் ஊருக்கு அல்லாஹ் தந்திருக்கும் வசதி இது. அதைப் பயன்படுத்தாமல் சுண்ணாம்பைத் தேடுவானேன்?

என்னென்ன சிகிச்சை உண்டு?

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. டாக்டர் ஒரு முறை பார்த்து இது சாதாரண சிஸ்ட்தான் என்று சொல்லிவிட்டார், வலி இல்லை, வளரவில்லை, தொந்தரவு இல்லை என்றால் அப்படியே விடலாம். எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இரண்டாவது, முழுமையாக அறுத்து எடுப்பது. கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். சில விநாடிகள் சுருக்கென்று எரியும், அதோடு சரி. பிறகு அழுத்துவது தெரியும், வலி தெரியாது. கரும்புள்ளியைச் சேர்த்து, கண் வடிவத்தில் தோலைக் கீறி, பையைக் கிழிக்காமல் சுற்றிலும் பிரித்து முழுசாக எடுத்து, தையல் போடுவார்கள். மறுபடி வரும் வாய்ப்பு இந்த முறையில்தான் மிகக் குறைவு. தழும்பு கொஞ்சம் நீளமாக இருக்கும். தலையில் உள்ள கட்டியின் உறை தடிமனானது என்பதால் பெரும்பாலும் கோலிக்குண்டு போல முழுசாக வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, சிறு துளை வழியாக எடுப்பது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கீறி, அல்லது பஞ்ச் என்ற வட்டமான சிறு கருவியால் துளையிட்டு, உள்ளே உள்ளதை வெளியேற்றிவிட்டு, சுருங்கிய பையை அந்தத் துளை வழியாகவே இழுத்து எடுப்பார்கள். தழும்பு மிகச் சிறியது. முகத்தில் உள்ள சின்னக் கட்டிக்கு நல்லது. திருமணத்துக்கு நிற்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் தழும்பைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அவர்கள் இந்த முறை தம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பையின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் மறுபடி வரலாம் என்பது இதன் குறை. முன்பே சீழ் வைத்து ஆறிய கட்டிக்கு இது அவ்வளவாக ஒத்துவராது.

நான்காவது, லேசர். இதில் லேசர் செய்வது துளை போடுகிற வேலையைத்தான். பையை எடுத்தாக வேண்டும் என்ற விதி மாறாது. லேசர் என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கட்டாதீர்கள்.

ஐந்தாவது, சீழ் வைத்துவிட்ட கட்டிக்கு. அப்போது கீறிச் சீழை வெளியேற்றி, துணித் திரி வைத்து, புண் உள்ளிருந்து ஆறி வரும்வரை கட்டு மாற்றுவார்கள். இது வலியைத் தீர்க்கும், கட்டியைத் தீர்க்காது. பை உள்ளே இருக்கிறது. வீக்கம் முழுக்க வடிந்து, ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து அதைத் தனியாக எடுக்க வேண்டும். புண் ஆறிவிட்டது என்று பலர் திரும்பிப் போவதில்லை. அடுத்த வருடம் அதே இடத்தில் அதே வீக்கம். சிவந்த கட்டி எல்லாமே கிருமியால் வந்தது என்றும் சொல்ல முடியாது. பை கிழிந்ததால் வந்த வீக்கமாக இருந்தால் டாக்டர் கட்டிக்குள் ஒரு ஊசி போட்டுத் தணியவிடுவார். மாத்திரையால் மட்டும் பை கரைவதில்லை.

எந்தக் கட்டியைச் சாதாரணமாக எண்ணக் கூடாது?

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கழுத்தின் பக்கவாட்டில், அக்குளில், தொடை இடுக்கில் வரும் கட்டி நெறி கட்டியதாக இருக்கலாம். நம் நாட்டில் கழுத்து நெறிக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். கண்டமாலை என்று முன்னோர் சொன்னது பெரும்பாலும் அதைத்தான். அதற்கு மாத்திரையில் குணம் உண்டு, கத்தி முதல் வைத்தியம் கிடையாது.

மார்பகத்தில் எந்தக் கட்டியானாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெட்கத்தைத் தள்ளி வைத்து உடனே காட்டுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கூட ஒரு பெண் துணையோடு போகலாம். ஆனால் பெண் டாக்டர் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை யாரும் ஏற்க முடியாது.

குழந்தைகளுக்குப் புருவத்தின் ஓரத்தில், மூக்கின் நடுவில், தலையின் நடுக்கோட்டில் பிறவியிலிருந்தே கட்டி இருந்தால், அது மண்டை ஓட்டுக்கு உள்ளே தொடர்பு உள்ளதாக இருக்கலாம். டாக்டர் சொன்னால் ஸ்கேன் எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். அதைக் குத்துவதோ கீறுவதோ ஆபத்து.

வேகமாக வளர்வது, கல் போல இறுகி அசையாமல் இருப்பது, மேலே புண்ணாகி ரத்தம் கசிவது, எலுமிச்சம்பழ அளவைத் தாண்டிப் பெரிதாவது, தொட்டால் நாடி போலத் துடிப்பது, எடுத்த இடத்திலேயே மறுபடி வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

எங்கே போவது, எப்படிப் போவது?

முதலில் லாஸ்பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். தேவைப்பட்டால் எழுதிக் கொடுப்பார்கள். கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, டவுனில் அரசு பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் என மூன்றும் நமக்குப் பக்கத்தில் இருப்பவை. பொது அறுவை சிகிச்சைப் பிரிவில், அல்லது தோல் பிரிவில், காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும். கூட்டம் இருக்கும். முதல் நாளே அறுவை செய்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்காமல், தேதி கொடுத்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். சிவப்பு அட்டையோ மஞ்சள் அட்டையோ, ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

டாக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. சர்க்கரை இருக்கிறதா, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முன்பு மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா, பழைய தழும்பு எதுவும் தடித்து வளர்ந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதய நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. நெஞ்சிலும் தோளிலும் காது மடலிலும் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அங்கே உள்ள தொந்தரவில்லாத கட்டியை எடுப்பதா என்று யோசித்துச் செய்வது நல்லது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. இது சிஸ்ட்தானா? எடுக்காமல் விட்டால் என்ன? பையை முழுசாக எடுப்பீர்களா? தழும்பு எவ்வளவு இருக்கும்? எடுத்ததைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சந்தேகம் உள்ள கட்டியை எடுத்தால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். தையல் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று பலர் அந்த முடிவை வாங்கப் போவதே இல்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு அதில் முக்கியமான செய்தி இருந்தாலும், அது மருத்துவமனை மேசையிலேயே கிடந்தால் என்ன பயன்? போய் வாங்குங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டை ஈரமாக்காமல் டாக்டர் சொன்ன நாள்வரை வையுங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10, 15 நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். முகத்தில் போட்ட தையலை ஐந்து நாள் வாக்கில் பிரிப்பார்கள். தலையில் ஏழு முதல் பத்து நாள், முதுகில் இரண்டு வாரம்வரை ஆகும். முதுகில் தையல் உள்ளவர் அந்த நாட்களில் மூட்டை தூக்கக் கூடாது. நாளுக்கு நாள் வலி கூடினால், சிவந்து சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் உடனே திரும்பிப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மறுநாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகள்

"கட்டுப் போட்ட இடத்தில் தண்ணீர் படக் கூடாது என்கிறார்கள். ஒளூவும் குளிப்பும் எப்படி?" காயத்தின் கட்டுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. கட்டின் மேல் மஸஹ் செய்வது, தயம்மும் சேர்ப்பது பற்றி மத்ஹபுகளுக்கிடையே விவரத்தில் வித்தியாசம் இருக்கிறது. அறுவைக்கு முன்பே உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொழுகை விடுபட்டுவிடுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

"நோன்பில் செய்துகொள்ளலாமா?" சாதாரணக் கட்டிக்கு அவசரம் இல்லை, ரமலான் முடிந்து வைத்துக்கொள்ளலாம். இந்தச் சிறு அறுவைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால் மயக்கம் வராது. ஆனால் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்துவிட்டால் ரமலான் என்று காத்திருக்கக் கூடாது.

"ஹிஜாமா செய்தால் போகுமா?" ஹிஜாமா சுன்னத்தான ஒன்று, அதன் கண்ணியத்தை நாம் அறிவோம். ஆனால் பையை அது வெளியே எடுக்காது. கட்டியின் மேல் கீறுவதால் பை கிழிந்து சீழ் வைக்கலாம். கட்டி உள்ள இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

"நெற்றியில் கட்டி, சுஜூதில் அழுத்தி வலிக்கிறது." இதுவே எடுப்பதற்குப் போதுமான காரணம். டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தலையில் கட்டி உள்ளவர்கள் முடி வெட்டுபவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கத்தி பட்டுக் கிழிவதுண்டு.

அன்புச் சகோதர சகோதரிகளே! நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படி வழிகாட்டிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். இன்று வீட்டுக்குப் போனதும், வயதான உம்மா, அத்தாவின் முதுகையும் தலையையும் ஒரு முறை பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கட்டி இருந்தால் பிதுக்காதீர்கள். ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள், சீட்டுப் போட வழி தெரியாதவர்கள் எங்கள் குழுவிடம் சொன்னால், இன்ஷா அல்லாஹ், கூட ஒருவர் வருவார்.

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.